வெள்ளை முடிக்காரன் போகக் கூடாத கப்பல்

அக்டோபர் 9, செவ்வாய்

இன்றைய தாளில் போட்டிருக்கிறது: குளிக்க நல்ல நாள், பயணம் ஆகாது. குளிக்கவில்லை. பயணம் போனேன்.

நாட்காட்டியில் தினம் கிழிக்கிற தாளின் பின்பக்கம் சும்மாதான் கிடக்கிறது. சாப்பிடும்போது மீன் முள் துப்ப கிழவி அதைத்தான் எடுத்து வைப்பாள். இப்போது நான் பிடுங்கி எழுதுகிறேன்.

"நாலாவது படிச்சவனுக்கு எழுத்து என்ன வேண்டிக்கெடக்கு? முள்ளை எங்க துப்பறது?"

"என் மூஞ்சில துப்பு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தானே பண்றே."

கரண்டி பறந்து வந்தது. எண்பத்தொரு வயதில் இன்னும் குனியத் தெரிகிறது எனக்கு.

சிம் ஷா சுய் துறையில் ஃபெர்ரி ஏறி அக்கரையில் வான் சாய் போனேன். அங்கிருந்து டிராம். ஆஸ்பத்திரி எட்டாவது மாடியில் என் மகன் ஆ-லொக் படுத்திருக்கிறான். ஈரல். முகமெல்லாம் மஞ்சள். "என்னடா, கோயில் புத்தருக்குத் தங்கத் தகடு ஒட்டின மாதிரி இருக்கே" என்றேன். சிரித்தான். சிரித்ததும் வலித்தது. அதற்கப்புறம் சிரிப்பு மூட்டாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று தெரியாமல் அவன் தட்டிலிருந்த ஜெல்லியைத் தின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12, வெள்ளி

டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். என்னையும், கிழவியையும், லொக்கின் பெண் சி-யிங்கையும். பிப்ரவரியில் வரும் எங்கள் புது வருஷத்துக்கு இருப்பானா என்று கிழவி கேட்டாள். டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடினார்.

அக்டோபர் 13, சனி

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20, சனி

சாயங்காலம் சில மணி நேரம் வெளியே கூட்டிப்போகலாம் என்றார்கள். வீட்டுக்கு வாடா, அம்மா சூப் வைத்திருக்கிறாள் என்றேன். மாட்டானாம். "துறைமுகம் பாக்கணும்."

இந்த ஊரில் பிறந்தவன் எவனும் துறைமுகம் பார்க்கப் போவதில்லை. அது வெளியூர்க்காரர்களுக்கு வைத்திருப்பது. நாங்கள் கடக்கிறதோடு சரி. "சீக்காளி ஆனதும் டூரிஸ்ட் ஆயிட்டியா?" என்றேன். சி-யிங் என்னை முறைத்தாள். இருபத்துமூன்று வயது. முறைப்பு மட்டும் அப்படியே பாட்டியுடையது. அவள் அம்மா கனடாவில் வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அப்பனை இவள்தான் பார்க்கிறாள்.

சக்கர நாற்காலியை அவள் தள்ள, ஃபெர்ரியில் இக்கரைக்கு வந்தோம். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் கம்பி ஓரமாக நிறுத்தினோம். வெள்ளைக்காரன் ரயில் நிலையத்தை இடித்தபோது கூண்டை மட்டும் விட்டுவைத்தான். அப்புறம் அவனும் போய்விட்டான். கூண்டு நிற்கிறது, சரியான நேரமும் காட்டுகிறது, யாருக்கென்று தெரியவில்லை.

அக்கரை முழுக்க விளக்கு. பச்சை, ஊதா, ஒரு வங்கியின் உச்சியில் சிவப்பு. செப்டம்பர் புயலில் கண்ணாடி உடைந்த கட்டிடம் ஒன்றில் மட்டும் அங்கங்கே கறுப்புச் சதுரம், பல் போன வாய் மாதிரி. எட்டு மணிக்குப் பாட்டைப் போட்டு வானத்தில் ஒளிக்கற்றைகளை ஆட்டினார்கள். கூட்டம் 'ஹா' என்றது. லொக் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் அவன். "அந்த ஊதாக் கட்டிடம் இருக்குல்ல, அதுல மூணாவது லிஃப்ட் மழை பெஞ்சா நிக்கும்" என்றான். "அது, அந்த உயரமானது, அதுல எலி." உலகமே வாயைப் பிளந்து பார்க்கிற விளக்கு வரிசையை அவன் எலியும் கிரீஸுமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.

போட்டோக்காரன் ஒருவன் வந்தான். கையோடு அச்சுப் போட்டுத் தருகிறவன். சைனாவிலிருந்து வந்த கும்பலைக் கம்பி ஓரம் நிறுத்துவதற்காக, "ஐயா, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்க, வெளிச்சம் மறைக்குது" என்றான்.

"தம்பி, என் பையனே மஞ்சளா எரியறான் பாரு. இவனை நடுவுல நிறுத்தி எடு, உன் ஃபிளாஷே வேண்டாம்."

லொக் சிரித்தான். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரன் எடுத்துவிட்டான். தாளை விசிறிக் காயவைத்து சி-யிங் கையில் கொடுத்துவிட்டுப் போனான். என் வாய்க்குப் பயந்தோ என்னவோ.

அவள் டீ வாங்கப் போனபோது லொக் சொன்னான். "எனக்குச் சாம்பல் வைக்கிற மாடம் வேண்டாம்ப்பா. அதுக்கு வரிசைல நின்னா வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் சாம்பலைக் கட்டில் அடியில வச்சுக்கிட்டு சி-யிங் தூங்கணும். சனிக்கிழமை சனிக்கிழமை அரசாங்கக் கப்பல் நார்த் பாயிண்ட்லேர்ந்து போகுது. கடல்ல விட்டுடுங்க."

"சரி, இப்ப எதுக்கு" என்றேன்.

"நீ வரணும்."

நான் தண்ணீரைப் பார்த்தேன். டீசல் நாற்றம். அந்தத் தண்ணீரில் இருபது வருஷத்துக்கு மேல் மோட்டார் படகு ஓட்டியிருக்கிறேன். வாலாவாலா என்பார்கள் அதை, என்னை வாலா யிப்பு. கடைசி ஃபெர்ரியை விட்டவர்கள் எல்லாம் என் கிராக்கி. குடித்த மாலுமி, சீட்டாடித் தோற்ற குமாஸ்தா, காதலியைக் கொண்டுவிடப் போய்த் திரும்ப முடியாத வெள்ளைக்காரத் துரை. கிழவிக்குப் பகலில் தொழிற்சாலை வேலை, அசந்து தூங்குவாள். அதனால் லொக் சின்னவனாக இருந்தபோது படகிலேயே கயிற்றுச் சுருளில் படுத்துக் கிடப்பான்.

"உன் படகுல காசு குடுக்காம ஏறின ஒரே ஆள் நான்தான்" என்றான். "இன்னும் ஒரு தடவை கொண்டு விட்டுடு."

நான் என்ன சொன்னேன்? "பழைய பாக்கிய மொதல்ல குடு" என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டான். சி-யிங் டீயோடு வந்துவிட்டாள்.

அக்டோபர் 21, ஞாயிறு

சரி வரேன்டா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. இந்த நாசமாப்போன வாய் அதைச் சொல்லலையே.

நவம்பர் 3, சனி

கிழவியிடம் சொன்னேன். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டாள்.

எங்களில் ஒரு வழக்கம். வெள்ளை முடிக்காரர்கள் கறுப்பு முடிக்காரர்களை வழியனுப்பக் கூடாது. பிள்ளை செத்தால் பெற்றவர்கள் வீட்டோடு இருக்க வேண்டும். சவ மண்டபம், மின்சுடுகாடு, சாம்பல், எதன் பக்கமும் போகக் கூடாது. நான் அதை ஏதோ கிழடுகளுக்கு மாரடைப்பு வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.

"உனக்கு என்ன ஆனா எனக்கென்ன கிழவா, நீ நூறு வருஷம் இருந்து என் உசுரை வாங்குவே" என்றாள். "அவனுக்குத்தான் கேடு. பெத்தவங்களுக்கு முன்னாடி போறதே செத்துப் போற எடத்துல குத்தம். இதுல அப்பன் வேற வந்து நின்னு அழுதான்னா, பாரு, இவன் அப்பனை அழ வச்சவன்னு தண்டனையை ரெட்டிப்பாக்கிடுவாங்க. எங்க பெரியம்மா பையனுக்கு அப்படித்தான். தினம் அவ கனவுல வந்து அடிபட்ட முதுகைக் காட்டினான்."

"எனக்கு அழத் தெரியாதே. சிரிச்சுட்டு நிக்கறேன்."

"விளையாடாதே."

"அவன் கேட்டாண்டி."

"சின்ன வயசுல கத்தியும்தான் கேட்டான். குடுத்தியா?"

பாதியில் கிடந்த முட்டைக்கோஸை நான் எடுத்து நறுக்கினேன். எதற்கும் பதில் வைத்திருக்கிறவன் நான்.

நவம்பர் 14, புதன்

லொக் இப்போது அதிகம் தூங்குகிறான். இன்று மத்தியானம் பீரங்கிச் சத்தம் கேட்டது. வெள்ளைக்காரன் தினம் பன்னிரண்டு மணிக்கு வெடிக்க வைத்தது, அவன் போனபிறகும் வெடித்துக்கொண்டிருக்கிறது. "பாருடா, அவனுங்க அவசரத்துல பீரங்கியை மறந்துட்டுப் போயிட்டானுங்க" என்று அவன் காதில் சொன்னேன். கண் திறக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் அசைந்தது. அசைந்த மாதிரி இருந்தது.

வரேன்டா என்று இன்றாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் கிழவி உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 23, வெள்ளி

விடிகிற நேரத்தில். சி-யிங் மட்டும் பக்கத்தில் இருந்தாள்.

நவம்பர் 26, திங்கள்

மண்டபத்தில் வைக்கப் படம் வேண்டும். சி-யிங் அந்தப் போட்டோவையே பெரிதாக்கியிருக்கிறாள். பின்னால் விளக்குகள் தெரிகின்றன. கடைக்காரன் பின்னணியை வெள்ளையாக்கித் தருகிறேன் என்றானாம். இவள் வேண்டாம் என்றுவிட்டாள். நல்லது. வெள்ளையில் அவனுக்கு என்ன வேலை?

டிசம்பர் 12, புதன்

சுடுகாட்டில் இன்றுதான் முறை கிடைத்தது, இன்று தகனம். நாங்கள் வீட்டில்.

கிழவி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். குதிரைப் பந்தய முடிவு. நாங்கள் இரண்டு பேரும் குதிரை மேல் ஒரு காசு கட்டியதில்லை. எல்லாக் குதிரையின் பெயரையும் கேட்டோம்.

மத்தியானம் கஞ்சி. அவள் இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, என் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, தன்னுடையதையும் எனக்கே ஊற்றினாள். நான் அதைத் திரும்ப அவளுக்கு ஊற்றினேன். யாரும் குடிக்கவில்லை.

மகன் பெட்டியில போறான். நான் இங்க உக்காந்து குதிரை பேரு கேட்டுட்டிருக்கேன்.

டிசம்பர் 25, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வேலை இல்லை. கால் தன்பாட்டுக்கு சிம் ஷா சுய் துறைக்குப் போய்விட்டது. சரி என்று ஃபெர்ரியில் ஏறினேன். மர இருக்கையின் சாய்வை இழுத்து முன்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். வான் சாய் வந்தது. இறங்காமல் திரும்பிவரப் பார்த்தேன், படகுக்காரன் விடவில்லை. இறங்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறினேன்.

கிறிஸ்துமஸ் விளக்கு எல்லாக் கட்டிடத்திலும். மணி, மான், தாடிக்காரன். பக்கத்தில் ஒரு குடும்பம், பிலிப்பைன்ஸோ இந்தோனேசியாவோ, ஒருத்தி என்னைப் பார்த்து, "தாத்தா, எது ரொம்ப அழகான கட்டிடம்?" என்று கேட்டாள். ஊதாவைக் காட்டினேன். "அதுல மூணாவது லிஃப்ட்ல மட்டும் ஏறாதே" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள்.

நான் படகு ஓட்டிய காலத்தில் இந்தத் தண்ணீர் இன்னும் அகலம். மண்ணைக் கொட்டிக் கொட்டி இரண்டு கரையையும் கிட்டே கொண்டுவந்துவிட்டார்கள். நான் கிராக்கி ஏற்றிய படித்துறை இருந்த இடத்தில் இப்போது ரோடு. ஆனாலும் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது இன்று.

ஜனவரி 5, சனி

சி-யிங் வந்தாள். 19ஆம் தேதி சனிக்கிழமைக் கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. காலையில் நார்த் பாயிண்ட்.

"தாத்தா, அப்பா என்கிட்டயும் சொன்னாரு. நீங்க வருவீங்கன்னு."

"வருவேன்னு நான் சொல்லலையே."

"பழைய பாக்கியைக் குடுன்னீங்களாமே. அப்படின்னா சரின்னு அர்த்தம், உங்க தாத்தா சரின்னா அப்படித்தான் சொல்லுவாருன்னாரு."

அவன் புரிந்துகொண்டிருக்கிறான். அதைக் கேட்டதும் நிம்மதி வரும் என்று பார்த்தால், இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது அது வாக்கு.

அடுப்படியிலிருந்து கிழவி, "யாரும் எங்கயும் போகலை" என்றாள்.

ஜனவரி 9, புதன்

நான் எதையும் நம்புகிறவன் இல்லை. கோயிலில் குறிக்குச்சி உருவினால் நல்லது வரும்வரை உருவுகிற ஆள். எனக்கு மட்டும் என்றால் போய்விடுவேன். ஆனால் கிழவி சொல்வது நிஜமாக இருந்துவிட்டால்? அடி எனக்கில்லை, அவனுக்கு. அவன் தலையை வைத்து நான் எப்படிச் சூதாடுவது?

போகாவிட்டால் கப்பலில் என்னைத் தேடுவான். போனால் உதை வாங்குவான்.

எப்பா.

ஜனவரி 15, செவ்வாய்

அடுத்த மாதம் எங்கள் புது வருஷம் வருகிறதே என்று முடி வெட்ட சாம் மாஸ்டர் கடைக்குப் போனேன். ஷாங்காய்க்காரர். வாயைத் திறந்தால் மூடமாட்டார், அதனால்தான் அவர் கடையில் எனக்கு இருப்புக்கொள்கிறது. எனக்கு முன்னால் ஒரு ஆள் நாற்காலியில், தலையெல்லாம் கறுப்புக் குழம்பு. எழுபது வயதிருக்கும்.

"இவரு வாட்ச்மேன் வேலைக்குப் போறாரு" என்றார் சாம் மாஸ்டர். "அம்பத்தெட்டுன்னு சொல்லியிருக்காரு. நேர்ல கூப்பிட்டிருக்காங்க."

"கண்டுபிடிக்க மாட்டானா?"

"ஆபீஸ்ல இருக்கறவன் முடியைத்தான்யா பாக்கறான். மூஞ்சிய எவன் பாக்கறான்?"

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வழக்கம் என்ன சொல்கிறது? வெள்ளை முடிக்காரன் போகக் கூடாது. முடியைத்தானே சொல்கிறது. அந்த உலகத்திலும் ஏதாவது ஒரு குமாஸ்தாதானே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பான். துறைமுகப் போலீஸ் எத்தனை பேருக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறேன் நான், வெள்ளைக்காரன், சைனாக்காரன், பஞ்சாபி, ஒருத்தன் பாக்கியில்லாமல். விளக்கை அணைத்துவிட்டு, உரிமத்தில் போட்டதைவிட இரண்டு மடங்கு ஆளை ஏற்றிக்கொண்டு. இந்த ஒரு குமாஸ்தாவை ஏமாற்ற முடியாதா?

ஜனவரி 17, வியாழன்

போனேன். "கறுப்பு அடி" என்றேன்.

சாம் மாஸ்டர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "கேட்டுக்கோங்க, வாலா யிப்பு பொண்ணு பாக்கப் போறான்! எந்த ஊருய்யா பொண்ணு?"

"கடல்பக்கம்."

"சின்னப் பொண்ணா?"

"பையன். என் பையன். சனிக்கிழமை கடல்ல விடறாங்க. இந்தத் தலையோட போனா அவனுக்கு ஆகாதாம்."

கடையில் இருந்த பத்திரிகைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்து முகங்களை மறைத்தன. சாம் மாஸ்டர் குழம்பைக் கலக்கினார். முழுக்க அடித்து, ஊறவைத்து, அலசி, துடைத்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் நான் பார்த்ததே இல்லை. கடைசியில் கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டி, "புருவம்?" என்றார். அதற்கும் அடிக்கச் சொன்னேன்.

கண்ணாடியில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். திருட்டுப் பூனை மாதிரி.

வீட்டுக்கு வந்தேன். கிழவி கதவைத் திறந்தாள். பார்த்தாள். ஏதாவது சொல்வாள், கரண்டி வரும் என்று தலையைத் தயாராக வைத்திருந்தேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பாடு மேஜையில் மூடி இருந்தது, எனக்கு மட்டும்.

ஜனவரி 18, வெள்ளி

பேசவில்லை.

ஜனவரி 19, சனி

காலையில் கறுப்புச் சட்டை போட்டு வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். முட்டி மடங்கவில்லை, நேரம் பிடித்தது. பின்னால் செருப்புச் சத்தம்.

"நில்லு."

நின்றேன். திரும்பவில்லை. தடுத்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. காதைப் பிடித்து மடக்கினாள்.

"காதுக்குப் பின்னாடி வெள்ளை தெரியுது. அந்த ஷாங்காய்க்காரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

அவள் புருவத்துக்குத் தீட்டுகிற மைக்குச்சி. எச்சில் தொட்டுத் தொட்டு இரண்டு காதுக்குப் பின்னாலும் தடவினாள். கழுத்தில் தடவினாள். கை ரொம்ப ஜில்லென்று இருந்தது.

"அங்க வாயைத் தொறக்காதே. உன் குரல் கிழவன் குரல்."

"சரி."

"இருமாதே. முதுகை நிமித்து. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வைக்காதே. மகனேன்னு ஏதாவது வந்துச்சு, தொலைஞ்சோம். கூப்பிட்டே ஆகணும்னா அண்ணேன்னு கூப்பிடு. தம்பிக்காரன் வந்திருக்கான்னு நெனச்சுக்குவாங்க."

"சரி."

"அழுதா மை ஓடிடும்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

நார்த் பாயிண்டில் சி-யிங் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை, தோள் குலுங்கியது. கப்பலில் இன்னும் பல குடும்பம். எல்லார் மடியிலும் ஒரு சாம்பல் பை. என்னைப்போல் வயதானவன் ஒருவனும் இல்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். பாட்டி சொல்லியனுப்பியதை சி-யிங் காதில் மட்டும் சொன்னேன்.

பகல் வெளிச்சத்தில் அந்தக் கட்டிடங்கள் எல்லாம் சாம்பல் நிறம், ஒன்றும் விசேஷமில்லை. ஊதாவைத் தேடினேன், எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. லெய் யூ முன் கடல் இடுக்கைத் தாண்டியதும் அலை தூக்க ஆரம்பித்தது. என் படகுக்கு அதற்கு மேல் போக உரிமம் கிடையாது. போனதும் இல்லை. இன்று போனேன்.

எஞ்சினை அணைத்தார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஆள் மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்தார். கப்பல் ஓரத்தில் சரிவாக ஒரு குழாய், அது நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. யிப் கின்-லொக் என்றதும் சி-யிங் எழுந்தாள். நானும். கையுறைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, என்ன உறவு?" என்று கேட்டார். சும்மா கேட்டிருப்பார், கைத்தாங்கலாகப் பிடிக்கலாம் என்று. கிழவன் குரல் வெளியே வரக் கூடாதே, சி-யிங்கைப் பார்த்தேன்.

"அப்பாவோட தம்பி" என்றாள் சி-யிங்.

அந்தக் கையுறைக்காரர் என் புருவத்தைப் பார்த்தார். காதைப் பார்த்தார். காற்றில் மை வழிந்திருக்க வேண்டும். பின்னால் நகர்ந்து, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "வாங்க தம்பி" என்றார். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு.

பையை நானும் அவளுமாகச் சாய்த்தோம். மணல் இறங்குகிற சத்தம்தான். இவ்வளவுதானா என்று இருந்தது. மேலே கொஞ்சம் பூவிதழ். தண்ணீர் ஒரு இடத்தில் வெளுத்து, அப்புறம் மற்ற தண்ணீர் மாதிரியே ஆகிவிட்டது.

அந்த உலகத்துக் குமாஸ்தாவுக்குக் கேட்காத அளவுக்குக் குனிந்து, "அண்ணே, பாத்துப் போ" என்றேன். "பாக்கி ஒண்ணும் இல்லே."

ஜனவரி 20, ஞாயிறு

பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"என்னன்னு?"

"அண்ணேன்னு."

குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

பிப்ரவரி 11, திங்கள்

புது வருஷம் வந்தது. சிவப்புக் காகிதம் ஒட்டவில்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை.

தினம் காலையில் கண் விழித்ததும் கேட்கிறாள். "கனவுல வந்தானா? அடிபட்ட மாதிரி இருந்தானா?" இல்லை என்றால் முகம் விழுந்துவிடுகிறது. இன்று, "வந்தான், நல்லா சதை போட்டிருக்கான்" என்று சொல்லி வைத்தேன்.

"என்ன சட்டை?"

"நீலம்."

"நீலம் அவன் போடவே மாட்டான்" என்று எழுந்து போய்விட்டாள்.

என் பொய் பலிக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

மார்ச் 2, சனி

அடிமுடி வெள்ளையாக முளைக்கிறது. மேலே கறுப்பு, கீழே வெள்ளை. மாடிப்படியில் குழந்தைகள் என்னைப் பெங்குவின் என்கிறார்கள். நானும் கையை ஒட்டி வைத்துக்கொண்டு அப்படியே நடந்து காட்டுகிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

விடிந்ததும் கிழவி தானாகச் சொன்னாள்.

"ராத்திரி வந்தான். வாசல்லயே நின்னான். செருப்பைக் கழட்டலை. உள்ள வாடா, சூப் இருக்குன்னேன். நீ வாம்மான்னான்."

"முதுகைக் காட்டினானா?"

"இல்ல. நேரா பாத்துதான் நின்னான்."

இவள் பொய் சொல்லத் தெரியாதவள். அல்லது இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்திக் கற்றுக்கொண்டாளோ.

மார்ச் 28, வியாழன்

அடுத்த வாரம் சிங் மிங், செத்தவர்களைப் போய்க் கும்பிடுகிற நாள். கடலில் விட்டவர்களைப் பார்க்க அரசாங்கக் கப்பல் மறுபடி போகிறது. மூன்று பேர் என்று சி-யிங் பதிந்திருக்கிறாள்.

சாம் மாஸ்டர் கடைக்கு நாங்கள் இருவரும் போனோம். கிழவி உள்ளே நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, இது ஆம்பளைங்க கடை" என்றார் சாம் மாஸ்டர். அவள் பதில் சொல்லாமல் போய்ப் பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் முடி அவ்வளவு நீளம் என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன். முழுக்க வெள்ளை.

சாம் மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். துண்டை உதறி அவள் கழுத்தில் கட்டினார்.

"எந்த அளவுக்குக் கறுப்பு வேணும் அக்கா?"

அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள்.

"அவனைவிடச் சின்னவளாத் தெரியணும்."